இரைப்பைப் புண்ணும் ஐம்பத்தாறு நாட் காவலும்

(ஆலங்காயத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் தமிழ் கற்றுத் தமிழ் கற்பிக்கும் தொழிலினேம், மருத்துவம் பயின்றேமல்லேம். ஆயினும் இன்று மருத்துவப் பொருள் ஒன்றனை எடுத்துக்கொண்டு உங்கள்முன் நிற்கின்றோம். அதற்குக் காரணம் உண்டு. நம்மவருள் ஒருவர்க்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தால், குடும்பம் முழுவதும் கலங்கி எழுகின்றது. நிலத்தை ஒற்றிவைத்தேனும் பணம் திரட்டுகின்றனர். வேலூருக்கோ சென்னைக்கோ செல்கின்றனர். மருத்துவர் கட்டியை எடுத்துவிட்டார் என்ற சொல் காதில் விழுந்தவுடன், பட்ட பாடெல்லாம் முடிந்ததென்று எண்ணி ஊர் திரும்புகின்றனர். அங்கேதான் தவறு தொடங்குகின்றது. கட்டியை எடுப்பது மருத்துவர் செயல். அஃது ஒரு நாளில் முடியும். எடுத்த இடத்துப் புண் ஆறுவதோ ஏறத்தாழ எட்டு வாரம், அதாவது ஐம்பத்தாறு நாள், நடைபெறும் செயல். அந்நாட்களிற் பெரும்பகுதி மருத்துவமனையிற் கழிவதன்று. நம் வீட்டிற் கழிவது. ஆதலின் அப்புண்ணைக் காக்கும் பொறுப்பு நம்மிடத்தே இருக்கின்றது. இவ்வொன்றனை விளக்கவே இவ்வுரை எழுந்தது.

முதற்கண் இரைப்பையின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். இரைப்பை தசையாலாகிய ஒரு பை. அதன் சுவர் நான்கு படலங்களை உடையது. உட்புறத்தே வழவழப்பான சளிச்சவ்வு. அதற்கு அடுத்தாற்போல் இரத்தக் குழாய்கள் ஓடும் மெல்லிய கீழ்ப்படலம். அதற்கப்பால் உணவைக் கடையும் தசைப்படலம். எல்லாவற்றிற்கும் புறத்தே மெல்லிய வெளியுறை. இப்பையினுள் சுரக்கும் நீர் மிகக் கொடிய புளிப்புடையது. அப்புளிப்புக்குக் காரணம் ஐதரோகுளோரிக் அமிலம் என்பதை இங்கிலாந்து தேசத்து மருத்துவர் வில்லியம் பிரவுட் என்பார் 1824-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இவ்வமிலத்தோடு பெப்சின் என்னும் ஒரு பொருளும் சேர்ந்து நாம் உண்ணும் புலாலையும் பருப்பையும் கரைத்து விடுகின்றது.

அங்ஙனமாயின், புலாலைக் கரைக்கும் நீர் புலாலாலாகிய இரைப்பையையே கரைத்துவிடாதோ எனின், கரைத்துவிடாது. சளிச்சவ்வு தன்மேல் ஒரு சளிப்பூச்சைப் பரப்பிக்கொள்கின்றது; தேய்ந்த உயிரணுக்களைச் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கின்றது. இக்காவல் குலைந்த இடத்தில் அமிலம் புகுந்து அரிக்கும். அவ்வரிப்பே புண். நம் முன்னோர் வயிற்று நோய்களுட் பலவற்றைக் குன்மம் என்னும் பெயரால் வழங்கினர். இந்நாளில் பட்டிதொட்டிகளிலும் அதனை அல்சர் என்றே சொல்கின்றனர்.

இந்நோய் தமிழகத்திற்குப் புதியதன்று. தென்கோடியில் நெய்யூர் என்னும் ஊர் இருக்கின்றது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்ததாகிய அவ்வூர், 1956-க்கு முன் திருவாங்கூர் நாட்டைச் சேர்ந்திருந்தது. அங்குள்ள மிஷன் மருத்துவமனையில் ஹோவர்டு சோமர்வெல் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் பல ஆண்டுகள் பணியாற்றினார். அவர் 1922, 1924 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எவரெஸ்டு மலையேறச் சென்ற குழுக்களில் இருந்தவர். மலையினின்று இறங்கியவர் நம் நாட்டு ஏழைகளின் நோயைக் கண்டு இரங்கி இங்கேயே தங்கினார். அவரிடம் வந்தோரில் முன்சிறுகுடற் புண்ணால் வருந்தியோர் மிகப் பலர். அப்புண்ணைப் பற்றி அவர் ஆராய்ந்து எழுதினார். பிற்காலத்தில் நம் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் அறுவை மருத்துவம் கற்பித்தார்.

அக்காலத்தில் அவர்க்கு இருந்த பெருங்கருவி கத்தியே. குரோவாசியா நாட்டு அறுவை மருத்துவர் ஷ்வார்ட்ஸ் என்பார் 1910-ஆம் ஆண்டிலேயே, அமிலம் இல்லாத இடத்தில் இவ்வகைப் புண்ணும் இராது என்னும் கருத்தை வெளியிட்டிருந்தார். அமிலத்தைக் குறைக்க மாத்திரை இல்லாத நாட்களில், வயிற்றைத் திறந்து, இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைப்பர். அன்றி இரைப்பையில் ஒரு பகுதியையே அறுத்து நீக்குவர். பலர் பிழைத்தனர், சிலர் உண்டவுடன் மயக்கமும் படபடப்பும் உற்று வாழ்நாளெல்லாம் துன்புற்றனர். புண்ணை ஆற்றுவதற்கு உறுப்பையே குறைக்க வேண்டியிருந்த காலம் அது.

இனி மாத்திரையின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். அமிலம் சுரக்குமாறு ஏவும் ஹிஸ்டமீன் என்னும் பொருளைத் தடுக்கும் சிமெடிடின் 1976-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அதற்கு வழிகண்ட ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1988-இல் சுவீடன் நாட்டில் ஒமிப்ரசோல் வெளிவந்தது. முன்னது ஏவுவோனைத் தடுத்தது. பின்னது ஏவப்பட்ட எந்திரத்தையே நிறுத்தியது. இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் உயிரணுக்கள் உள. அவ்வொவ்வொன்றிலும் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் பல இருக்கின்றன. ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ரபிப்ரசோல், எசோமிப்ரசோல் என்று மருந்துக் கடையில் நாம் காணும் பெயர்கள் யாவும் அப்பம்புகளைப் பூட்டும் மருந்துகளின் பெயர்களே. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பான் அரசினரால் ஏற்கப்பெற்ற வோனோபிரசான் என்பது அதே பம்பை வேறொரு வழியில் விரைந்து நிறுத்துவது.

மருந்தின் பெருமையை இவ்வளவில் நிறுத்தி, அது காக்க வேண்டிய புண் எவ்வாறு உண்டாகின்றது என்று காண்போம்.

நம் ஊருக்கு மேலே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கின்றது. அங்கே வேணு பாப்பு பெயர் தாங்கிய தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு முதல் நிற்கின்றது. எட்டாத விண்மீனை அது கண்ணுக்குக் காட்டுகின்றது. எட்டும் தூரத்தில் இருந்தும் கண்ணுக்குப் புலனாகாத நம் வயிற்றின் உட்புறத்தைக் காட்டுவது எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்குக் குழல். 1950-ஆம் ஆண்டில் ஜப்பானியர் இரைப்பைக்குள் விழுங்கச் செய்து படம் பிடிக்கும் சிறு காமிராவைச் செய்தனர். 1957-இல் அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் என்னும் மருத்துவர், வளையும் கண்ணாடி இழைகளாலான குழலைச் செய்து முதலில் தாமே விழுங்கிச் சோதித்தார். இன்று அக்குழலின் நுனியிற் காமிராவும் விளக்கும் உள்ளன. அதன் வழியே கத்தியும் கம்பியும் ஊசியும் செலுத்தலாம்.

ஜப்பானியர் இதனைக்கொண்டு ஓர் அரிய முறையைக் கண்டனர். வயிற்றைத் திறவாமலே, வாய் வழியாகச் சென்ற குழலினால், இரைப்பைச் சுவரில் தோன்றிய தொடக்கநிலைக் கட்டியைப் பெயர்த்தெடுப்பது அம்முறை. முதலிற் கட்டியைச் சுற்றிப் புள்ளியிட்டு எல்லை வகுப்பர். பின்னர் அதன் கீழ்ப்படலத்தில் ஊசியால் நீர்மம் ஏற்றுவர். உடனே கட்டி இருக்கும் சவ்வு, தோசைக்கல்லில் ஆப்பம் எழும்புவதுபோல எழும்பித் தசைப்படலத்தை விட்டு விலகும். அதன்பின் சுற்றிலும் கீறி, அடியிலே அறுத்து, கட்டி முழுவதையும் ஒரே துண்டாக எடுப்பர். தோக்கியோவிலுள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்தார் 1990-களில் இதற்கென ஒரு கத்தியை அமைத்தனர். அதன் முனையில் சிறிய பீங்கான் குமிழ் ஒன்று வைத்தனர். சுவரைக் குத்தித் துளைத்துவிடாமற் காப்பது அக்குமிழ். ஒரு சிறு குமிழால் எத்தனை உயிர்க்குக் காவல்!

இம்முறை எல்லாக் கட்டிக்கும் பொருந்துவதன்று. உட்சவ்வளவில் நிற்கும் கட்டியாய், அடுத்துள்ள நிணக் கணுக்களுக்குப் பரவும் அச்சம் மிகக் குறைந்ததாய் இருத்தல் வேண்டும். ஆழப் பாய்ந்த புற்றுக்குப் பழைய அறுவையும் பிற சிகிச்சைகளுமே கதி. ஆதலின் காலத்தே கண்டுபிடித்தவனுக்கே இப்பேறு வாய்க்கும். கொரியாவில் 40 வயது நிரம்பியோர்க்கு ஈராண்டுக்கு ஒருமுறை இரைப்பைச் சோதனை செய்கின்றனர். ஜப்பானில் 50 வயதுக்கு மேற்பட்டோர்க்கு உள்நோக்குக் குழற் சோதனையை 2016 முதல் பரிந்துரைக்கின்றனர். நம் நாட்டில் அத்தகைய பொதுச் சோதனை இல்லை. ஆதலின் நாற்பதைக் கடந்தவர்க்குப் பசி மந்தம், காரணமின்றி மெலிவு, இரத்தச் சோகை, விழுங்குவதில் தடை, ஓயாத மேல்வயிற்று நோவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், சோடாவும் பெருங்காயமும் உண்டு நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் செல்வது கடமை.

இனி நம் பொருளின் நடுவிடத்திற்கு வந்தோம். கட்டியைப் பெயர்த்தெடுத்த இடத்தில் என்ன இருக்கும்? புண் இருக்கும். இரண்டு விரற்கடை அகலக் கட்டியாயினும், அதனைச் சுற்றிச் சிறிது நல்ல சவ்வையும் சேர்த்தே எடுப்பராதலின், புண் அதனினும் அகன்றிருக்கும். மருத்துவரே வேண்டுமென்று செய்த புண் இது. நோயால் வரும் புண் ஆழமாய், தசைப்படலம் வரையிலும் குடைந்து செல்வதுண்டு. இதுவோ அகலமாயினும் ஆழமற்றது. தசைப்படலம் பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். அதனாலேதான் அகன்ற புண்ணும் குறித்த காலத்தில் ஆறுகின்றது. தோக்கியோ மருத்துவர்கள் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், அமிலம் அடக்கும் மருந்து பெற்றோரின் இத்தகைய புண்கள், பெரியனவும் சிறியனவும், எட்டு வாரத்திற்குள் ஆறித் தழும்பாயின என்று கண்டனர்.

ஆறும் முறையைக் கேளுங்கள். முதற்சில நாட்களிற் புண்ணின் அடியில் வெண்ணிறப் படிவு தங்கும், ஓரங்கள் வீங்கியிருக்கும். பின்னர் வீக்கம் வற்றும். அடியிலிருந்து செந்நிறமான புதுத்தசை தளிர்க்கும். புண்ணின் விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கிச் சுருங்கி நெருங்கும். விளிம்பிலுள்ள சவ்வு நடுவை நோக்கித் தவழ்ந்து மூடும். முழுவதும் மூடிய பின்னரும் தழும்பு சிவந்தே இருக்கும். நாள் செல்லச் செல்ல வெளுக்கும். மருத்துவர் இதனைப் புதுநிலை இரண்டு, ஆறுநிலை இரண்டு, தழும்புநிலை இரண்டு என ஆறு படிகளாக வகுத்துக் கணிக்கின்றனர்.

இவ்வளவு வேலை நடக்கும் களத்தின்மேல் அமிலம் ஓடினால் என்னாகும்? ஏரிக்கரை உடைந்ததென்று வைத்துக்கொள்வோம். ஊரார் கூடி மண் கொட்டி உடைப்பை அடைக்கின்றனர். அடைத்த அன்றே வெள்ளத்தைத் திருப்பிவிடுவாருண்டோ? மண் இறுகிப் புல் முளைத்து வேர் ஓடும் வரையில் வரத்துக் காலை மறித்தன்றோ வைப்பர்? புண்ணின்மேல் உறையும் இரத்தமே அப்புதுமண். அமிலம் மிகுந்த இடத்தில் இரத்தம் நன்றாக உறையாது. உறைந்ததையும் பெப்சின் கரைத்துவிடும். அமிலம் குறைந்தால் இரத்தம் உறையும். பெப்சினும் செயலற்று அடங்கும். ஆதலின் அமிலம் அடக்கும் மருந்து புண்ணில் ஒட்டும் களிம்பன்று. வரத்துக் காலை மறிக்கும் மறியே ஆகும். புண்ணை ஆற்றுவது உடம்பு. உடம்புக்கு அவகாசம் தருவது மருந்து.

இதற்குச் சான்றும் உண்டு. ஜப்பானிய மருத்துவர் 2007-ஆம் ஆண்டில் ஓர் ஒப்பாராய்ச்சியை வெளியிட்டனர். கட்டி எடுக்கப்பெற்றோருள் ஒருசாரார்க்குப் பம்பைப் பூட்டும் ரபிப்ரசோலும், மற்றொரு சாரார்க்குப் பழைய சிமெடிடினும் எட்டு வாரம் கொடுத்தனர். பின்னர் இரத்தம் கசிந்தோர் முதற்சாராரில் நூற்றுக்கு ஏறத்தாழ 6. இரண்டாஞ் சாராரில் ஏறத்தாழ 17. வோனோபிரசான் விரைந்து அமிலத்தை அடக்குவதால் முதல் வாரங்களிற் புண் சுருங்குவது மிகுதி என்று சில ஆராய்ச்சிகள் கூறின. வேறு சில வேற்றுமை காணவில்லை. எட்டாவது வாரத்தில் இருவகை மருந்தினரும் பெரும்பாலும் ஒத்தே நின்றனர். ஆதலின் விலையுயர்ந்த புது மருந்து கிடைக்கவில்லையே என்று யாரும் ஏங்க வேண்டுவதில்லை. மருத்துவர் எழுதிய மருந்தை நாள் தவறாது உண்பதே பெரிது.

நாள் தவறாமை ஏன் வேண்டும் என்பதற்கும் காரணம் சொல்வோம். அமிலப் பம்புகள் ஒருமுறை பூட்டினால் என்றும் பூட்டியே கிடப்பன அல்ல. உடம்பு நாடோறும் புதுப்பம்புகளை உண்டாக்குகின்றது. நேற்றைய மாத்திரை இன்றைய பம்பை அறியாது. அன்றியும், இம்மாத்திரை உறங்கும் பம்பைப் பூட்ட வல்லதன்று. உணவை எதிர்பார்த்து விழிக்கும் பம்பையே பூட்டும். ஆதலின் காலை உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னதாக உண்ணுமாறு மருத்துவர் சொல்வர். உண்டபின் நினைவு வந்து விழுங்கும் மாத்திரை பாதிப் பயனே தரும். வோனோபிரசானுக்கு இந்நேரக் கட்டுப்பாடு இல்லை. எம்மருந்தை எப்போது என்பதை மருத்துவர் சீட்டைப் பார்த்தே அறிதல் வேண்டும்.

இங்கு எம் உறவினர் ஒருவர்க்கு நேர்ந்ததைச் சொல்லுதல் பொருத்தம். அவர் உழுதுண்ணும் குடியானவர், அறுபதை நெருங்கியவர். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அவர்க்குக் கட்டி எடுக்கப்பெற்றது. ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். வயிற்றில் நோவு சிறிதும் இல்லை. "நோவே இல்லையே, தம்பி! இத்தனை மாத்திரை எதற்கு?" என்று எம்மைக் கேட்டார். "மாமா, கை புண்பட்டால் கண் காணும், வயிறு புண்பட்டதை எதனால் காண்பீர்?" என்றோம். அவர் சிரித்தார். பத்தாம் நாள் முதல் மாத்திரையை நிறுத்திவிட்டார். அதனோடு அமையாமல், களத்தில் வேலை செய்து முழங்கால் வலித்ததென்று கடையில் வலிமாத்திரை வாங்கி மூன்று நாள் விழுங்கினார். பதின்மூன்றாம் நாள் விடியலில் அவர் மனைவியார், மலம் தார்போலக் கறுத்துப் போவதையும், அவர் எழுந்து நிற்கத் தள்ளாடுவதையும் கண்டார். கண்டவர் அயலாரைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. 108-க்குத் தொலைபேசியிற் சொல்லி வண்டியை வரவழைத்தார். மருத்துவர் மீண்டும் குழல் செலுத்தி, கசிந்த குழாயைக் கவ்விகொண்டு கவ்வி நிறுத்தினர், இரத்தமும் ஏற்றினர். அவர் பிழைத்தார். அன்று அவரைப் பிழைப்பித்த முதல் மருத்துவர் எழுதப் படிக்கத் தெரியாத அவர் மனைவியாரே என்று யாம் துணிந்து சொல்வோம்.

இவ்வரலாற்றில் நாம் கற்பன மூன்று.

ஒன்று: நோவின்மை ஆறியதற்கு அடையாளமன்று. இப்புண் பலர்க்கு நோவதே இல்லை. சிகிச்சைக்குப் பின் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர்க்கு இரத்தக் கசிவு நேர்கின்றது. பெரும்பாலும் முதல் நாட்களிலும், மற்றும் சிலர்க்கு இரண்டு வாரம் வரையிலும், அரிதாக அதன் பின்னரும் அது நேரும்.

இரண்டு: வலிமாத்திரை இப்புண்ணுக்குப் பகை. ஆஸ்பிரின், இபுபுரோபென், டைக்குளோபினாக் முதலியன வலியைத் தணிக்கும்போதே, இரைப்பைச் சவ்வைக் காக்கும் பொருள் சுரப்பதையும் தடுக்கின்றன. கடைக்காரர் கொடுத்தார் என்று எதையும் வாங்கி உண்ணலாகாது. ஆயினும் இதய நோய்க்காக ஆஸ்பிரினோ, இரத்தம் உறையாமைக்குரிய பிற மருந்தோ உண்போர் அதனைத் தாமாக நிறுத்தவும் ஆகாது. நிறுத்தினால் இதயத்திற்கு இடர். தொடர்ந்தால் புண்ணுக்கு இடர். இரண்டையும் சீர்தூக்கிச் சொல்ல வல்லவர் மருத்துவர் ஒருவரே. சிகிச்சைக்கு முன்பே அதனை அவரிடம் சொல்லிவிடுதல் வேண்டும்.

மூன்று: அபாயக் குறிகளை வீட்டார் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். தார்போலக் கறுத்து நாறும் மலம், இரத்த வாந்தி, காப்பித்தூள் நிற வாந்தி, தலைச்சுற்றல், குளிர்ந்த வியர்வை, மயக்கம், தாங்கொணா வயிற்று நோவு ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் பொழுது விடியட்டும் என்று பொறுத்திருத்தல் கூடாது. இரும்புச் சத்து மாத்திரை உண்போர்க்கும் மலம் கறுக்கும் என்பது உண்மையே. எனினும் அதனை முடிவுசெய்பவர் நாமல்லேம்.

இனி, "நம் நாட்டு மருந்து போதாதோ?" என்று கேட்பார் இங்கும் இருக்கலாம். அக்கேள்வியை யாம் இகழ்ந்து தள்ளமாட்டோம். அதிமதுரத்தின் வரலாறே அதற்கு விடை. நம் மருத்துவ நூல்கள் அதிமதுரத்தைப் போற்றின. ஒலாந்து தேசத்து மருத்துவர் ரெவர்ஸ் என்பார் 1946-ஆம் ஆண்டில் அதிமதுரச் சாற்றால் இரைப்பைப் புண் ஆறுவதைக் கண்டெழுதினார். அதன் சத்தினின்று செய்த கார்பினோக்சோலோன் என்னும் மருந்தை 1960-களில் இங்கிலாந்து மருத்துவர் புண்ணுக்குக் கொடுத்தனர், புண்ணும் ஆறிற்று. ஆனால் அம்மருந்து உண்டோர்க்கு உடம்பில் நீர் கோத்தது. இரத்த அழுத்தம் ஏறிற்று. ஆதலின் பின்வந்த மருந்துகளுக்கு அஃது இடம் விட்டது. முன்னோர் கண்டது பொய்யன்று. ஆனால் மெய்யான மருந்துக்கும் அளவும் ஆபத்தும் உண்டு. புதிதாக அறுக்கப்பெற்ற புண் உள்ளே இருக்கும்போது, அளவறியாத சூரணத்தை மருத்துவரறியாமல் உண்பது தகாது. உண்ண விரும்பின் அவரைக் கேட்டு உண்க.

உணவைப் பற்றியும் ஒரு சொல். சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் உண்ணாமல் வைத்து, பின்னர் நீருணவும், அதன்பின் மெல்லுணவும் தருவது வழக்கம். கஞ்சி, குழைந்த சோறு, நன்றாக வெந்த சாமை, மசித்த பருப்பு ஆகியவை நம் வீட்டில் எளிதில் ஆவனவே. மதுவும் புகையிலையும் அறவே கூடா. "உறவினர் வந்தார், ஒருவாய்" என்று ஊற்றிக் கொடுப்பவர் உறவினரல்லர். கனத்த சுமை தூக்குதலையும் மருத்துவர் விடைதரும் வரையில் ஒழித்தல் நன்று. நீரிழிவு உடையோர் சர்க்கரையை அடக்கி வைத்தல் வேண்டும். நீரிழிவு புண் ஆறுதலைத் தாமதிக்கச் செய்யும்.

மருந்தைக் குறித்த நாளுக்கு முன் நிறுத்துவது எங்ஙனம் தீதோ, அங்ஙனமே குறித்த நாளுக்குப் பின்னும் காரணமின்றித் தொடர்வதும் தீதே. சிலர் அமில மாத்திரையை ஆண்டுக் கணக்கில், காலைக் காப்பிபோல, விழுங்கி வருகின்றனர். நெடுநாள் உண்போருள் சிலர்க்கு மக்னீசியமும் பி12 என்னும் வைட்டமினும் குறைவதுண்டு. குடல் தொற்றும் மிகுவதுண்டு. நெடுநாள் உண்டு திடீரென விட்டால் அமிலம் முன்னிலும் பொங்குவதும் உண்டு. புண் ஆறிற்றா என்பதை மருத்துவர் சோதித்து, இனி வேண்டா என்று சொல்லும் நாளே அம்மருந்தின் கடைசி நாள்.

புண் ஆறிய பின்னரும் ஒரு கடமை எஞ்சி நிற்கின்றது. இரைப்பைப் புண்ணுக்கும் புற்றுக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி ஒரு பெருங்காரணம். ஆஸ்திரேலியா தேசத்து வாரனும் மார்ஷலும் 1982-இல் அதனைக் கண்டனர். 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து நோயுற்றுக் காட்டினார். 2005-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். கட்டி எடுக்கப்பெற்ற 544 பேரை ஜப்பானியர் இரண்டாகப் பிரித்து மூன்றாண்டு கவனித்து 2008-இல் வெளியிட்டனர். கிருமியை ஒழிக்க மருந்து பெற்றோருள் 9 பேர்க்கும், பெறாதோருள் 24 பேர்க்கும் வேறிடத்திற் புதுப்புற்று தோன்றியது. ஆதலின் கிருமிச் சோதனையும், ஆண்டுதோறும் அல்லது மருத்துவர் குறித்தபடி மறுசோதனையும் விடத்தக்கன அல்ல. எடுத்தது கட்டியை, கட்டி தோன்றிய இரைப்பை நம்மிடத்தேதான் இருக்கின்றது.

பெரியோர்களே! வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில், மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர். அந்நான்கனுள் மருத்துவரும் மருந்தும் நகரத்தில் இருக்கலாம். நோயாளியும் பேணுவோரும் நம் வீட்டில் இருக்கின்றனர். மருத்துவத்தில் பாதி ஆலங்காயத்திலேயே நடைபெறுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

அப்பாதியைச் செவ்வையாகச் செய்ய நம் சங்கம் இரண்டு செய்யலாம் என்பது எம் கருத்து. முதலாவது, அறுவையோ இத்தகைய சிகிச்சையோ பெற்று வீடு திரும்பும் ஒவ்வொருவர்க்கும், அத்தெருவில் படிக்கும் மாணவன் அல்லது மாணவி ஒருவரைத் துணையாக்குதல். அப்பிள்ளை மருத்துவர் சீட்டைப் படித்து, எந்த மாத்திரை எந்த வேளை என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவான். நாடோறும் உண்டாரா என்று கோடிட்டு வருவான். ஐம்பத்தாறு கோடு, அவ்வளவே வேலை. எம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளை இதற்கு யாம் அனுப்புவோம். இரண்டாவது, மறுசோதனைக்குச் செல்லும் ஏழைகட்கு வழிச்செலவு கொடுத்தல். கட்டி எடுக்க உதவும் உறவினர் பலர். மறுசோதனைக்குப் பேருந்துக் கட்டணம் கொடுப்பார் இலர். நோவில்லாத நோயாளி கையிற் காசில்லாதபோது வீட்டிலேயே இருந்துவிடுகின்றான். பொங்கல் விழாவில் மாலைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடுவதிற் சிறுபகுதி இதற்குப் போதும்.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். மாத்திரை உண்ண மறுக்கும் கணவரும் தந்தையும் உங்கள் சொல்லைத் தட்டலாம். தட்டினும் விடாது சொல்லுங்கள். நும் வயிற்று நோவை நீங்களும் மறைத்து வைக்காதீர்கள். வீட்டார் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்டு, எரிச்சலை விழுங்கிக்கொண்டு வாழ்தல் கற்பும் அன்று, பொறையும் அன்று. காலத்தே சொன்ன நோய்க்கு வாய்வழிக் குழலே போதும். காலம் கடந்த நோய்க்குக் கத்தியும் போதாமற் போகும்.

இவ்விரண்டு வேண்டுகோளையும் இன்றே தீர்மானமாக நிறைவேற்றுமாறு அவைத்தலைவர் அவர்களைக் கேட்டு அமைகின்றோம்.